பத்து மடங்குப் படத்திலிருந்து நாற்பது மடங்கு விவரம்: திருகோணமலை ஆய்வுகூடமொன்றின் அனுபவம்

கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளை எண்ணுகிறவர்களுக்குப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. எண்ணுவதற்குப் பயன்படும் செட்விக்-ராஃப்டர் கலம் 50 மில்லிமீற்றர் நீளமும் 20 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் ஆழமும் கொண்டது. அதில் 1 மில்லிலீற்றர் நீர் பிடிக்கும். அந்த ஆழத்தாலும் மேலே மூடும் கண்ணாடியின் தடிப்பாலும், வழக்கமான 40 மடங்குப் பொருள்வில்லையைக் கலத்தின் அடியில் படிந்திருக்கும் நுண்பாசிகளுக்குப் போதிய அளவு கிட்டக் கொண்டுபோக முடியாது. எண்ணிக்கை 10 மடங்கில் நடக்கிறது. எண்ணப்படுவது எது என்று சொல்லத் தேவையான விவரமோ 40 மடங்கில்தான் தெரிகிறது.

திருகோணமலை உட்துறைமுகத்திலும் கொட்டியாரக்குடாவிலும் எடுக்கப்படும் நீர் மாதிரிகளை ஆராயும் சிறிய ஆய்வுகூடமொன்றில், நுணுக்குக்காட்டிப் படங்களையும் அவற்றைக் கையாளும் கணினியையும் பார்த்துக்கொள்வது என் வேலை. 10 மடங்கில் எடுத்த படத்தை ஆழ்கற்றல் முறையால், அதாவது படங்களைப் பார்த்துக் கற்கும் செயற்கை நரம்பு வலையமைப்பால், 40 மடங்குப் படத்தின் தெளிவுக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி எங்களுக்கு ஆடம்பரமானதாக இருக்கவில்லை. ஒரே கமெராவில் 10 மடங்குப் படம் அடக்கும் பரப்பு 40 மடங்குப் படத்தின் பரப்பைப் போல 16 பங்கு. முயற்சி வெற்றியளித்தால் மாதிரி ஒன்றைப் படம்பிடிக்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும் என்பதே எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு எந்த இடம்வரை சரியாக வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை, இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வலையமைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதற்குத் தாளும் பேனாவும் போதும். ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு சிறந்த வில்லையாலும் ஓர் எல்லைக்கு மேல் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது என்பதை ஏர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டினார். அந்த எல்லை, ஒளியின் அலைநீளத்தைப் பொருள்வில்லையின் உறையில் உருப்பெருக்கத்துக்குப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணின் இரு மடங்கால் வகுத்து வரும் தூரம். எங்கள் 10 மடங்கு வில்லையில் அந்த எண் 0.25, 40 மடங்கு வில்லையில் 0.65. 550 நனோமீற்றர் பச்சை ஒளிக்கு முதலாவதன் எல்லை 1.1 மைக்ரோமீற்றர், இரண்டாவதன் எல்லை ஏறத்தாழ 0.42 மைக்ரோமீற்றர். இது மாதிரியின் மீது ஒளியைக் குவிக்கும் ஒடுக்கி வில்லையும் நன்றாகத் திறந்து சரியாக அமைக்கப்பட்டிருக்கும்போது கிடைக்கும் எல்லை. படத்தில் வேறுபாடு கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒடுக்கியின் துவாரத்தை இறுக்கி மூடிவிடும் பழக்கம் பல ஆய்வுகூடங்களில் உண்டு. அப்படிச் செய்தவர், கணினிக்கு வருவதற்கு முன்னரே பிரிதிறனில் ஒரு பகுதியைத் தானாகவே கைவிட்டுவிடுகிறார்.

அடுத்தது கமெரா. எங்கள் கமெராவின் பிக்சல் ஒன்று 3.45 மைக்ரோமீற்றர். 10 மடங்கில் அது மாதிரியின் மீது 0.345 மைக்ரோமீற்றராகிறது. 1.1 மைக்ரோமீற்றர் விவரத்தைப் பதிவதற்கு அதில் பாதியான 0.55-ஐ விடச் சிறிய பிக்சல் போதுமாகையால், இங்கே தடையாக இருப்பது வில்லைதான், கமெரா அல்ல. ஆனால், கூடுதல் பரப்பைப் பிடிப்பதற்காகப் பலர் வைத்திருப்பதைப் போல, இடையில் 0.5 மடங்கு இணைப்பு வில்லை இருந்தால் பிக்சல் 0.69 மைக்ரோமீற்றராகப் பெருத்துவிடும். அப்போது வில்லை கொடுத்த விவரத்தையே கமெரா இழக்கிறது. அத்தகைய நிலையில் இணைப்பு வில்லையை மாற்றுவதே முதல் மருந்து. ஆழ்கற்றல் அதற்குப் பிறகு. எங்களிடம் உதவி கேட்டு வந்த படங்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

பிரிதிறனைக் கூட்டுதல் என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட காரியங்கள் உலவுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கும் 2014-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த முறைகள், ஒளிரும் மூலக்கூறுகளைக் கட்டுப்பாட்டுடன் ஒளிரவும் அணையவும் செய்து, அபேயின் எல்லைக்குக் கீழே உள்ள தகவலை மாதிரியிலிருந்தே பெறுகின்றன. வலையமைப்பு அப்படியல்ல. அது தான் ஏற்கெனவே பார்த்த படங்களின் நினைவைக் கொண்டு, இல்லாத விவரம் என்னவாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறது. மழையில் நனைந்து எழுத்து அழிந்த கடிதமொன்றை, எழுதியவரின் பேச்சை நன்கறிந்த ஒருவர் வாசிப்பதற்கு இதை ஒப்பிடலாம்: வழக்கமான சொற்களை அவர் சரியாகவே நிரப்புவார், அனுப்பிய பணம் எவ்வளவு என்ற இடம் அழிந்திருந்தால் அவருடைய ஊகத்துக்கு மதிப்பில்லை.

2014-இல் டொங், லொய், ஹே, டாங் ஆகியோர் வெளியிட்ட, பிரிதிறனைக் கூட்டும் முதலாவது நன்கறியப்பட்ட வலையமைப்பில் மூன்றே அடுக்குகள் இருந்தன. 2015-இல் வந்த யூ-நெட் அமைப்பு உயிரியல் படங்களுக்கென்றே ஆக்கப்பட்டது. 2018-இல் மார்ட்டின் வைகர்ட்டும் அவருடைய குழுவினரும் நுணுக்குக்காட்டிப் படங்களை மீட்பதற்கு அதே வகை அமைப்பைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கும் வழி திறந்தது. நாங்களும் யூ-நெட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். எந்த அமைப்பைத் தேர்வது என்பதில் செலவழிக்கும் நேரத்தைப் பயிற்சிப் படங்களைத் தேடுவதில் செலவழிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு வேண்டியது சோடிப் படங்கள்: ஒரே இடத்தை 10 மடங்கிலும் 40 மடங்கிலும் எடுத்தவை. இதற்குக் குறுக்குவழி ஒன்று எல்லோருக்கும் தெரியும். 40 மடங்குப் படங்களை மட்டும் எடுத்து, அவற்றைக் கணினியில் நான்கிலொன்றாகச் சுருக்கி, சுருக்கியதை 10 மடங்குப் படம் என்று வைத்துக்கொள்வது அந்த வழி. இரண்டு வகையிலும் தனித்தனியே பயிற்றி ஒப்பிட்டபோது, சுருக்கிய படங்களால் பயிற்றிய வலையமைப்பு, சுருக்கிய படங்களில் வியக்கத்தக்கவாறு செயற்பட்டது. நுணுக்குக்காட்டியிலிருந்து நேரே வந்த 10 மடங்குப் படத்தைக் கொடுத்ததும் தடுமாறியது. காரணம் எளிது. கணினி சுருக்கும்போது பிக்சல்களின் சராசரிதான் எடுக்கப்படுகிறது. உண்மையான 10 மடங்கு வில்லையோ தனக்கே உரிய மங்கலையும், கமெராவின் இரைச்சலையும் (படத்தில் தூவியதுபோல் வரும் புள்ளிகளையும்), குவியத்துக்கு மேலும் கீழும் உள்ள பொருட்களின் நிழலையும் சேர்த்தே தருகிறது. வெளியாகும் கட்டுரைகளில் காணும் அழகான எண்களில் பல சுருக்கிய படங்களின் மீது பெறப்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

உண்மையான சோடிகளைத் தயாரிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. எண்ணும் கலத்தில் 40 மடங்கு வில்லையைப் பயன்படுத்த முடியாதென்பதால், பயிற்சிப் படங்களைச் சாதாரண கண்ணாடி வழுக்கிகளில் எடுத்தோம். வழுக்கியை மேடையிலிருந்து எடுக்காமலே வில்லையை மட்டும் திருப்பி, முதலில் 10 மடங்கிலும் பின்னர் 40 மடங்கிலும் படம்பிடிப்பது முறை. வில்லை திரும்பும்போது மையம் சற்று நகரும். உருப்பெருக்கங்களின் விகிதம் சரியாக 4 ஆக இருப்பதும் அரிது. ஆகவே இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும் படி தவிர்க்க முடியாதது. அது ஒரு பிக்சலுக்கும் குறைவான துல்லியத்தில் நடக்க வேண்டும். பொருத்தம் பிசகினால் வலையமைப்பு அந்தப் பிசகையும் கற்றுக்கொண்டு, பாசிக் கலங்களின் ஓரங்களை மங்கலாக்கியே தரும். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் இதற்குரிய கருவிகள் உண்டு. படங்களைக் கமெரா தரும் முழு ஆழத்துடன் டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவில் சேமித்தால் அதன் சதுரத் தழும்புகளையும் வலையமைப்பு உயிரினத்தின் பகுதியாகக் கருதிவிடும்.

குவியத்தின் ஆழம் இன்னொரு தொல்லை. 10 மடங்கு வில்லையில் ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படை ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும். 40 மடங்கில் அது 1 மைக்ரோமீற்றருக்குச் சற்றே மேல். ஆகவே 10 மடங்கில் முழுமையாகத் தெரியும் கீட்டோசெரஸ் என்ற நுண்பாசியின் சங்கிலியொன்று, 40 மடங்கில் நடுப்பகுதி தெளிவாகவும் இரு முனைகளும் கரைந்தும் தெரியும். அப்படியான சோடியைக் கொடுத்தால், தெளிவான முனையைக் கரைக்க வேண்டும் என்றே வலையமைப்பு கற்கும். இதனால் 40 மடங்கில் ஒவ்வோரிடத்தையும் பல குவியத் தளங்களில் எடுத்து, தெளிவான பகுதிகளை ஒன்றாக இணைத்த பின்னரே பயிற்சிக்குக் கொடுத்தோம். நேரம் தின்னும் வேலைதான். ஆனால் படத்தின் தரத்தில் இதைப் போல மாற்றம் தந்த வேறெதுவும் இல்லை.

பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைப் பிரிக்கும்போது, படத்துண்டுகளைக் கலைத்துப்போட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரே வழுக்கியின் இரண்டு துண்டுகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் விடை முன்கூட்டியே கசிந்துவிடும். வழுக்கி வழுக்கியாக, முடிந்தால் மாதிரி எடுத்த நாள் நாளாகப் பிரிக்க வேண்டும்.

இனி, இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிகவும் பயன் தந்த சோதனையைப் பற்றிச் சொல்கிறேன். டயற்றம்கள் என்ற நுண்பாசி வகையின் சிலிக்கா ஓடுகளில் மிக ஒழுங்கான கோடுகள் இருக்கும். ப்ளூரோசிக்மா அங்குலேட்டம் என்ற இனத்தில் அந்தக் கோடுகளுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர்; 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நுணுக்குக்காட்டி வில்லைகளைச் சோதிப்பதற்கு அந்த ஓடுகள் பயன்பட்டு வந்திருக்கின்றன. மேலே சொன்ன கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 40 மடங்கு வில்லையின் எல்லை 0.42 என்பதால் அந்தக் கோடுகள் அதில் தெரியும். 10 மடங்கு வில்லையின் எல்லை 1.1 என்பதால் அவை அதன் படத்தில் மங்கலாகக்கூட இல்லை, அறவே இல்லை. எனவே 10 மடங்குப் படத்தைக் கொடுத்து வலையமைப்பு அந்தக் கோடுகளைக் காட்டினால், அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு.

இதைச் சோதிப்பதற்காக இரண்டு வலையமைப்புகளைப் பயிற்றினோம். ஒன்று, பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாட்டைக் குறைக்குமாறு மட்டும் பயிற்றப்பட்டது. மற்றது, 2017-இல் எஸ்ஆர்கேன் என்ற பெயரில் பிரபலமான போட்டி முறையில், தான் தருவது உண்மையான படமா போலியா என்று பிரிக்க முயலும் இன்னொரு வலையமைப்பை ஏமாற்றுமாறு பயிற்றப்பட்டது. முதலாவது, ஓட்டின் வெளிக்கோட்டைக் கூர்மையாக்கி, உட்புறத்தைச் சமமான சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டது. இரண்டாவது தந்த படம் கண்ணைப் பறித்தது: ஓட்டின் உள்ளே முழுவதும் நேர்த்தியான கோடுகள். எங்களுடன் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவி அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, வடிவா இருக்கு. ஆனா இந்தக் கோடெல்லாம் உண்மையில இருக்கா?" என்று கேட்டார். அதே ஓட்டின் 40 மடங்குப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கோடுகளின் நெருக்கம் வேறாகவும் சாய்வு வேறாகவும் இருந்தன. அதைவிடக் கவலை தந்தது, கோடுகளே தெரியாத வேறொரு டயற்றத்தின் மீதும் அது கோடு போட்டிருந்தது. கோடுகளின் நெருக்கத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் துறையில் இது அழகுக் குறைபாடு அல்ல, பொய்ச் சாட்சி.

இந்த இரண்டு போக்குகளும் தற்செயலானவை அல்ல. பார்ப்பதற்கு இயல்பாக இருப்பதும், அசலிலிருந்து விலகாமல் இருப்பதும் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்தே கிடைக்கும் என்பதை யோகாய் பிளாவும் தோமர் மிக்கேலியும் 2018-இல் கணித முறையில் நிறுவினார்கள். மங்கலான இடத்தை மங்கலாகவே விட்டுவிடும் வலையமைப்பு ஒரு வகையில் தன் அறியாமையை ஒப்புக்கொள்கிறது. அளவிடும் வேலைக்கு அதையே நான் தேர்வேன். கூட்டங்களில் காட்டுவதற்கு மற்றதைத் தேர்வதற்கான தூண்டுதல் வலியது என்பதையும் மறைக்கவில்லை.

வெளிவந்த படத்தை மீண்டும் மங்கலாக்கிச் சுருக்கினால் உள்ளே கொடுத்த படம் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல சோதனை எனப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது தேவையானதே, ஆனால் போதுமானதல்ல. 2020-இல் முகப் படங்களைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற முறையில், பராக் ஒபாமாவின் சுருக்கிய படமொன்றிலிருந்து வெள்ளையரான வேறொரு மனிதரின் முகம் உருவாகி வந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். சுருக்கினால் கொடுத்த படத்துக்கு ஒத்துவர வேண்டும் என்ற அடிப்படையில்தான் அந்த முறை முகங்களைத் தேடியது. ஒரே மங்கலான படத்துக்குள் பல தெளிவான படங்கள் பொருந்தும். அவற்றுள் எது உண்மை என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எங்களுக்குக் கூடுதலாக உதவியது வேறொன்று: ஒரே பயிற்சிப் படங்களைக் கொண்டு, வெவ்வேறு தொடக்க எண்களுடன் சில வலையமைப்புகளைப் பயிற்றி, அவற்றின் விடைகள் எங்கே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்று வரைபடமாக்கினோம். வேறுபடும் இடங்கள் ஊகம் நடக்கும் இடங்கள். எல்லாமே ஒரே தவறைச் செய்வதும் உண்டு என்பதால், ஒற்றுமையை மட்டும் உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலநிலை எங்களுக்குத் தந்த பாடம் வேறு வகையானது. பயிற்சி மாதிரிகள் பெரும்பாலும் கடல் அமைதியாக இருக்கும் சோளகக் காலத்தில் எடுக்கப்பட்டவை. வாடைக்காற்று தொடங்கி மாரி மழை பிடித்ததும் மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் வண்டலைக் கொண்டுவந்து தள்ளுகிறது; நீரின் நிறமே மாறிவிடும். அந்த நீரில் உள்ள மணல் துணுக்குகளையும் உக்கிய இலைத் துகள்களையும் வலையமைப்பு முன்பின் பார்த்ததில்லை. தான் அறிந்த உருவங்களுக்குள் அவற்றை அடக்க முயன்று, நீண்ட துகளொன்றை ஊசி வடிவ டயற்றம் போலத் துப்புரவாக்கித் தந்தது. இப்போது ஒவ்வொரு தொகுதி மாதிரிகளுடனும், நுண்பாசிகளை வடிகட்டி நீக்கிய நீரில் வண்டலை மட்டும் கலந்து தயாரித்த வெறும் மாதிரியொன்றையும் படம்பிடித்து அதே வழியில் அனுப்புகிறோம். உயிரற்ற அந்த மாதிரியில் வலையமைப்பு எத்தனை உயிரிகளைக் காட்டுகிறது என்பது, வேறெந்தத் தர எண்ணையும் விடத் தெளிவாகப் பேசுகிறது. பாதுகாப்புத் திரவமும் இப்படித்தான்: லூகோல் அயடீன் கரைசல் கலங்களைக் கபில நிறமாக்கும், ஃபோர்மலினில் வைத்த மாதிரிகளால் பயிற்றிய வலையமைப்பை அவற்றின் மீது அப்படியே பயன்படுத்த முடியாது.

வழுக்கிக்கும் எண்ணும் கலத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். கலத்தில் நீரை நிரப்பிய பின், உயிரிகள் அடியில் படியும்வரை காத்திருந்தால் பெரும்பாலானவை ஒரே தளத்துக்கு வந்துவிடும். படியாமல் மிதப்பவை குவியத்துக்கு வெளியே பெரிய மங்கலான வட்டங்களாகத் தெரியும். அவற்றைத் தெளிவாக்குமாறு வலையமைப்பைக் கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பகுதிகளை முன்கூட்டியே விலக்கிவிடுகிறோம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு இந்த வேலையே வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எல்லைக்கு மேலே இருந்தும் மங்கலாலும் இரைச்சலாலும் மறைந்துகிடக்கும் விவரங்களை வெளிக்கொணர்வதில் வலையமைப்பு உண்மையாகவே உதவுகிறது. சங்கிலியாக வாழும் ஸ்கெலிற்றோனீமா போன்றவற்றில் ஒரு கலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் 10 மடங்குப் படத்தில் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கும். தெளிவாக்கிய படத்தில் கலங்களைத் தனித்தனியே எண்ண முடிந்தது, 40 மடங்கில் எண்ணியதுடன் ஒப்பிட்டபோது அது நம்பத்தக்கதாகவும் இருந்தது. கலங்களின் நீள அகலங்களை அளப்பதும் சிறப்பாக வந்தது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களின் இரைச்சலை நீக்குவது இன்னும் பாதுகாப்பான பயன்; தெளிவான சோடிப் படங்களே இல்லாமல், இரைச்சல் உள்ள படங்களைக் கொண்டே பயிற்றும் முறைகள் 2018, 2019-ஆம் ஆண்டுகளிலிருந்து கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, பிரிதிறனை விட்டு இரைச்சலிலிருந்து தொடங்குமாறு சொல்வேன்.

செய்மதிப் படங்களிலும் இதே கேள்வி வருகிறது. கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் காடுகளைப் பற்றி வேலை செய்யும் நண்பர் ஒருவர், சென்ரினல்-2 படங்களைத் தெளிவாக்கலாமா என்று கேட்டிருந்தார். அந்தச் செய்மதியின் 13 அலைவரிசைகளில் 4 மட்டுமே 10 மீற்றர் பிரிதிறன் கொண்டவை. 6 அலைவரிசைகள் 20 மீற்றர், 3 அலைவரிசைகள் 60 மீற்றர். பிந்தியவற்றை 10 மீற்றருக்குக் கொண்டுவரும் வலையமைப்புகளை நம்புவதற்கு நியாயம் உண்டு. ஏனென்றால் அதே நேரத்தில் அதே இடத்தை 10 மீற்றரில் பார்த்த அலைவரிசைகள் ஓரங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகின்றன. அந்த 10 மீற்றரையே 2 மீற்றராக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள், எங்கள் டயற்றக் கோடுகளைப் போன்ற இடத்தில் நிற்கின்றன. விவரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலே இரண்டும் பிரிந்துவிடும்.

கணினி வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூகுள் கோலாபிலும் காகிளிலும் இலவசமாகக் கிடைக்கும் வரைகலைச் செயலிகள் இந்த அளவு வேலைக்குப் போதும். அமர்வு எந்த நேரமும் அறுந்துபோகலாம் என்பதால், ஒவ்வொரு பயிற்சிச் சுற்றின் முடிவிலும் வலையமைப்பின் நிலையைச் சேமித்துவைக்கும் வரிகளை நிரலில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய டிஃப் கோப்புகளைப் பகலில் ஏற்றுவது எங்கள் இணைப்பில் பொறுமையைச் சோதிக்கும்; துண்டுகளாக வெட்டிய பின் ஏற்றுகிறோம். நிரல் எழுதத் தயங்குகிறவர்களுக்கு, 2021-இல் வெளியான சீரோகொஸ்ட்டீஎல்ஃபோர்மைக் என்ற இலவசத் தொகுப்பு கோலாபிலேயே பொத்தான்களை அழுத்திப் பயிற்றும் வசதியைத் தருகிறது.

படத்தின் தரத்தை அளப்பதற்குப் பரவலாகப் பயன்படும் பிஎஸ்என்ஆர், 2004-இல் முன்வைக்கப்பட்ட எஸ்எஸ்ஐஎம் ஆகிய எண்களை நாங்களும் கணிக்கிறோம். ஆனால் முடிவெடுப்பது அவற்றைக் கொண்டு அல்ல. ஒரு படத்தின் பெரும்பகுதி வெறும் நீராக இருக்கையில், பின்னணியைச் சமமாக்கினாலே அந்த எண்கள் உயர்ந்துவிடும். நாங்கள் வெளியே சொல்லப்போவது கலங்களின் எண்ணிக்கையும் அளவும் என்றால், சோதிக்க வேண்டியதும் எண்ணிக்கையும் அளவும்தான். ஒரே வழுக்கியை ஒருவர் 40 மடங்கில் கண்ணால் எண்ண, இன்னொருவர் அந்த விடையை அறியாமல் தெளிவாக்கிய படத்தில் எண்ணி ஒப்பிடுவது எங்கள் நடைமுறை.

அசல் படங்களை எந்த நிலையிலும் அழிப்பதில்லை; தெளிவாக்கிய படத்தின் கோப்புப் பெயரிலேயே வலையமைப்பின் பதிப்பு எண் இருக்கும். அறிக்கையில் படம் அச்சாகும்போது, அசலும் தெளிவாக்கியதும் ஒரே அளவுகோலுடன் பக்கம் பக்கமாக வரும். எண்ணிக்கைத் தாளில், 10 மடங்கு வில்லையின் எல்லைக்கு மேலே உள்ள அம்சங்களைக் கொண்டு பிரிக்கக்கூடியவை மட்டும் தெளிவாக்கிய படத்திலிருந்து நிரப்பப்படுகின்றன. டொமொயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சை உருவாக்கக்கூடிய இனங்களைக் கொண்ட சூடோ-நிற்சியா என்ற டயற்றம் சாதி அப்படிப் பிரிக்கக்கூடியதல்ல. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பிகளை உண்டவர்களில் சிலர் இறந்ததற்கு இந்தச் சாதியைச் சேர்ந்த ஓர் இனமே காரணம் என்பதால், அதில் ஊகத்துக்கு இடம் கொடுக்க முடியாது. அதன் இனங்களைப் பிரிக்கும் நுண்துளைகளைப் பார்ப்பதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். ஆகவே தாளில் அது சாதிப் பெயரோடு நிற்கிறது, இனத்துக்குரிய கட்டம் வெறுமையாக விடப்படுகிறது, மாதிரிப் போத்தலில் ஒரு பங்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி உள்ள இடத்துக்கு அனுப்புவதற்காகத் தனியே எடுத்துவைக்கப்படுகிறது.